அதிகாரம் மேலே, பாரம் கீழே: பொதுச் சுகாதாரத்தில் எது உண்மையான பரவலாக்கம்?

ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் எந்தப் பெயர்ப் பலகை இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாருக்கு உண்டு? அற்பமாகத் தோன்றும் இந்தக் கேள்வியின் பெயரால் மாநிலங்களுக்குச் சேர வேண்டிய பல நூறு கோடி ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டது. 2023 நவம்பரில் ஒன்றிய சுகாதார அமைச்சகம், நாடெங்கும் உள்ள சுகாதார நல்வாழ்வு மையங்களுக்கு ‘ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர்’ என்று பெயர் சூட்ட வேண்டுமென மாநில அரசுகளுக்கு எழுதியது. கேரளத்தில் ‘குடும்ப ஆரோக்கிய கேந்திரம்’, ‘ஜனகீய ஆரோக்கிய கேந்திரம்’ என்ற பெயர்கள் ஏற்கெனவே மக்களின் நாவில் பழகியிருந்தன. மிசோரமிலும் நாகாலாந்திலும் ‘மந்திர்’ என்ற சொல்லுக்கே எதிர்ப்பு எழுந்தது. பஞ்சாபில் ‘ஆம் ஆத்மி கிளினிக்’ என்ற பெயரும், மேற்கு வங்கத்தில் கட்டடங்களுக்குப் பூசிய வண்ணமும் குற்றங்களாயின. தேசிய சுகாதார இயக்கத்தின் கீழ் 2023-24ஆம் நிதியாண்டில் தனக்கு வர வேண்டிய 600 கோடி ரூபாய்க்கும் அதிகமான தொகை இந்தக் காரணத்தைக் காட்டியே மறுக்கப்பட்டதாகக் கேரள அரசு குற்றம் சாட்டியது. அந்தத் தொகையை நம்பியிருந்தவை ஆஷா பணியாளர்களின் ஊக்கத்தொகை, ஒப்பந்தச் செவிலியரின் ஊதியம், ஆய்வகப் பொருள்கள் ஆகியவை.

பலகையைப் பற்றிய இந்தச் சண்டை ஒரு பெரிய நோயின் அறிகுறி. ஒருபுறம் மக்களின் உடல்நலத்தைப் பற்றிய முடிவெடுக்கும் அதிகாரம் புதுதில்லியை நோக்கி நகர்கிறது. மறுபுறம் செலவும் உழைப்பும் பழியும் மாநிலங்களின் மீதும், அங்கிருந்து ஊராட்சிகளின் மீதும், இறுதியில் கிராமத்துத் தெருக்களில் பதிவேட்டுடன் நடக்கும் பெண்ணின் மீதும் சுமத்தப்படுகின்றன. இதற்கும் ‘பரவலாக்கம்’ என்றே பெயர் சொல்லப்படுகிறது. எனவே அந்தச் சொல்லின் பொருளைத் துலக்கிக்கொள்வது இடதுசாரி இயக்கத்துக்கு இன்று தவிர்க்க முடியாத கடமையாகிறது.

சட்டம் வகுத்த இடம்

அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் ஆறாவது இனமாகப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் இடம்பெற்றுள்ளன. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் இன்னும் ஒரு படி கீழே இறங்கியது. ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத் தக்கவையாகப் பதினோராவது அட்டவணை பட்டியலிடும் 29 இனங்களில் 23ஆவது, மருத்துவமனைகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், மருந்தகங்கள் உள்ளிட்ட சுகாதாரமும் துப்புரவும் ஆகும். நகரங்களுக்கான பன்னிரண்டாவது அட்டவணையிலும் பொதுச் சுகாதாரம் உண்டு.

இந்தச் சிந்தனை 1990களில் திடீரென முளைத்ததன்று. விடுதலைக்கு முன்பே, 1946இல் அறிக்கை அளித்த போர் குழு, பணம் செலுத்த இயலாமையின் காரணமாக எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்ற கோட்பாட்டை முன்வைத்தது. நோய் தீர்க்கும் பணியும் நோய் தடுக்கும் பணியும் ஒரே நிலையத்தில் இணைய வேண்டும் என்றது. கிராமந்தோறும் மக்களே பங்கேற்கும் சுகாதாரக் குழுக்களை அமைக்கவும் பரிந்துரைத்தது. 1952இல் சமூக வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் தோன்றின. ஆனால் அந்தக் குழு கேட்ட நிதியும் வரவில்லை. அது கண்ட கிராமக் குழுக்களும் உயிர்பெறவில்லை. கட்டடம் கிராமத்துக்கு வந்தது. அதிகாரம் தலைநகரிலேயே தங்கிவிட்டது.

73ஆவது திருத்தத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அதிகாரங்களை ஊராட்சிகளுக்கு வழங்குவது மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விடப்பட்டது. இதனால் பெரும்பாலான மாநிலங்களில் பதினோராவது அட்டவணை தாளில் மட்டுமே வாழ்கிறது. ஊராட்சித் தலைவர் தம் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் விருந்தினராக நுழையலாம். அங்கே மருத்துவர் பணியிடம் ஏன் காலியாக இருக்கிறது என்று கேட்டுப் பதில் பெறும் உரிமை அவருக்கு இல்லை.

ஒரு சொல், இரண்டு அகராதிகள்

1978 செப்டம்பரில் சோவியத் கசக்ஸ்தானின் அல்மா அட்டாவில் கூடிய பன்னாட்டு மாநாடு, தமக்கான மருத்துவ ஏற்பாட்டைத் திட்டமிடுவதிலும் செயற்படுத்துவதிலும் பங்கேற்பது மக்களின் உரிமையும் கடமையும் ஆகும் என்று அறிவித்தது. குடிநீர், உணவு, கல்வி ஆகியவற்றோடு சுகாதாரத்தை இணைத்த அந்த அறிவிப்பில் மக்கள் ஆட்சியாளர்களாகக் கருதப்பட்டனர்.

ஒன்பதே ஆண்டுகள் கழித்து, 1987இல், வளரும் நாடுகளின் மருத்துவச் செலவு குறித்து உலக வங்கி ஓர் அறிக்கை வெளியிட்டது. அது நான்கு மருந்துகளை எழுதித் தந்தது. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் வசூலிக்க வேண்டும். காப்பீட்டை வளர்க்க வேண்டும். அரசு சாரா நிறுவனங்களுக்கு இடமளிக்க வேண்டும். அரசு மருத்துவப் பணிகளைப் பரவலாக்க வேண்டும். நான்காவதாக வந்த ‘பரவலாக்கம்’ முதல் மூன்றின் துணையோடுதான் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த அகராதியில் அந்தச் சொல்லுக்கு, ஒவ்வொரு மருத்துவமனையும் தன் செலவுக்கான பணத்தைத் தானே தேடிக்கொள்ள வேண்டும் என்று பொருள்.

இந்தியாவில் இரண்டு அகராதிகளும் ஒரே திட்டத்துக்குள் புகுந்தன. 1994இல் சூரத்தில் பிளேக் பரவியதைத் தொடர்ந்து, இந்தூரின் மகாராஜா யஷ்வந்த்ராவ் மருத்துவமனையில் எலிகளை ஒழித்துத் தூய்மைப்படுத்த மேற்கொண்ட முயற்சியிலிருந்து ‘ரோகி கல்யாண் சமிதி’ என்ற நோயாளர் நலச் சங்கம் பிறந்தது. உள்ளூர் மக்கள் கைகோத்தது போற்றத்தக்கதே. ஆனால் அந்தச் சங்கங்கள் மத்தியப் பிரதேசம் முழுதும் பரவியபோது, நோயாளரிடம் கட்டணம் வாங்கும் கருவியாகவும் அவை மாறின. 2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் இந்தச் சங்கங்களை நாடெங்கும் கொண்டு சென்றது.

அதே இயக்கம் இடதுசாரிகளின் ஆதரவோடு ஆட்சி செய்த ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசின் காலத்தில் வந்தது என்பதும், நெடுங்காலம் வறண்டு கிடந்த ஊரக மருத்துவத்துக்கு ஓரளவு நீர் பாய்ச்சியது என்பதும் மறக்கத் தக்கவையல்ல. கிராம சுகாதாரக் குழு, ஆண்டுக்கு 10,000 ரூபாய் தளையற்ற நிதி, ஆஷா பணியாளர், மக்கள் கண்காணிப்பு ஆகிய நல்ல கூறுகள் அதில் இருந்தன. மகாராஷ்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் மக்கள் கண்காணிப்பு சோதனை முறையில் நடத்தப்பட்டது. மருந்து இல்லாததையும் மருத்துவர் வராததையும் மக்கள் பொது விசாரணைகளில் நேருக்கு நேர் கேட்டனர். இந்தக் கூறுகளே பின்னர் முதலில் நலிந்தன. 10,000 ரூபாயில் ஒரு கிராமம் கொசுவை ஒழிக்க வேண்டும், குடிநீரைக் காக்க வேண்டும், அவசர நோயாளிக்கு வண்டி ஏற்பாடு செய்யவும் வேண்டும் என்பது பரிகாசமன்றி வேறென்ன?

கேரளம் கற்றுத்தந்தது

1996 ஆகஸ்டில் தோழர் இ.கே. நாயனார் தலைமையிலான இடது ஜனநாயக முன்னணி அரசு மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கியது. மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு உள்ளாட்சிகளுக்கு என ஒதுக்கப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களும் துணை நிலையங்களும் கிராம ஊராட்சிகளிடமும், சமூக சுகாதார நிலையங்கள் வட்டார ஊராட்சிகளிடமும், மாவட்ட மருத்துவமனைகள் மாவட்ட ஊராட்சிகளிடமும் ஒப்படைக்கப்பட்டன. பணி, நிதி, பணியாளர் என்ற மூன்றும் ஒருசேரக் கீழிறங்க வேண்டும் என்ற கொள்கை அங்கே சோதித்துப் பார்க்கப்பட்டது.

தொடக்கம் எளிதாக இருக்கவில்லை. ஊராட்சித் தலைவரின் கீழ்ப் பணியாற்ற மருத்துவர்களிடையே தயக்கமும் எதிர்ப்பும் இருந்தன. ஊதியம் தருவதும் இடமாற்றம் செய்வதும் மாநிலத் துறையாகவும், அன்றாட மேற்பார்வை ஊராட்சியாகவும் இருந்த இரட்டைக் கட்டுப்பாடு உரசல்களை வளர்த்தது. பல ஊராட்சிகள் சாலைக்கும் கட்டடத்துக்கும் காட்டிய ஆர்வத்தை நோய்த் தடுப்புக்குக் காட்டவில்லை. சட்டம் இயற்றிய மறுநாளே ஜனநாயகம் வேர் பிடித்துவிடாது என்பதற்கு இந்த ஆண்டுகளே சான்று.

பொறுமையின் பலன் பின்னர் வந்தது. 2008இல் நாட்டிலேயே முதல் மாநிலமாகக் கேரளம் வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வெளியிட்டது. புற்றுநோயாலும் முதுமையாலும் படுக்கையில் வீழ்ந்தவரின் வீட்டுக்கே செவிலியர் செல்லும் ஏற்பாடு ஊராட்சிகளின் திட்ட நிதியில் இயங்கலாயிற்று. எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவருக்கு என்ன தேவை என்பதைத் தலைநகரத்துச் செயலகம் அறிய இயலாது. வார்டு உறுப்பினரால் அறிய இயலும். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்கள் குடும்ப சுகாதார நிலையங்களாக உயர்த்தப்பட்டன. கூலி வேலைக்குச் செல்பவர் பகல் பொழுதை இழக்காமல் மருத்துவரைப் பார்க்க, மாலை வரை புறநோயாளர் பிரிவு இயங்கியது. அதற்கான கூடுதல் பணியாளரை அமர்த்துவதில் உள்ளாட்சிகள் தோள் கொடுத்தன. 2020இல் ஊரடங்கு அறிவிக்கப்பட்ட சில நாள்களிலேயே குடும்பஸ்ரீ பெண்களோடு சேர்ந்து சமூகச் சமையற்கூடங்களைத் திறக்க அந்த உள்ளாட்சிகளால் இயன்றதற்கும், கால் நூற்றாண்டாகத் திட்டமிடவும் செலவிடவும் அவை பழகியிருந்ததே காரணம்.

இந்தச் சாதனையை மிகைப்படுத்துவதும் தவறு. கேரளத்தில் மொத்த மருத்துவச் செலவில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு இன்னமும் மக்களின் சொந்தப் பையிலிருந்தே போகிறது. தனியார் மருத்துவமனைகளின் பிடி அங்கே வலிமையானது. உள்ளாட்சிகளால் பொது மருத்துவத்தைச் செம்மைப்படுத்த இயலும். மருத்துவச் சந்தையைத் தனித்து நின்று எதிர்க்க இயலாது. அதற்கு மாநில அரசின் சட்டமும் ஒன்றிய அரசின் நிதியும் தேவை.

தமிழ்நாடு எழுப்பும் கேள்வி

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதத்துக்கு விடை சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களின் மீது அதிகாரம் ஏதுமில்லை. ஆயினும் பேறுகாலப் பராமரிப்பிலும் தடுப்பூசியிலும் மருந்து வழங்கலிலும் அது நாட்டின் முன்னணி மாநிலங்களுள் ஒன்றாக நிற்கிறது. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இன்றும் அதன் அடித்தளம். பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககமும் தனிப் பணியாளர் அமைப்பும் அங்கே உண்டு. 1990களின் நடுவில் செயல்படத் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக மருந்து வாங்கி விலையைக் குறைத்ததைப் பிற மாநிலங்கள் பின்பற்றின. அப்படியானால் மையப்படுத்துவதே சிறந்த வழியல்லவா என்று கேட்கப்படுகிறது.

விடை, எந்தப் பணி எந்த மட்டத்தில் சிறக்கும் என்று பிரித்துப் பார்ப்பதில் இருக்கிறது. மருந்தை ஒவ்வோர் ஊராட்சியும் தனித்தனியே வாங்கினால் விலை ஏறும், தரம் குறையும், இடைத்தரகர் கொழிப்பார். மருத்துவர் நியமனம், பயிற்சி, தொற்றுநோய் ஆய்வகம், மருத்துவத் தர அளவுகோல் ஆகியவையும் மாநில மட்டத்தில் இருக்க வேண்டியவையே. ஆனால் நிலையம் எந்த நேரத்தில் திறந்திருக்க வேண்டும், எந்தக் குடியிருப்புக்கு நடமாடும் ஊர்தி முதலில் செல்ல வேண்டும், எந்தக் கிணற்று நீரால் வயிற்றுப்போக்கு வருகிறது, பட்டியல் சாதிக் குடியிருப்புக்குச் செவிலியர் வருகிறாரா என்பனவற்றைத் தலைமைச் செயலகத்திலிருந்து அறிவதும் சீர்செய்வதும் அரிது. திறமையான அதிகாரிகள் இருக்கும்வரை மேலிருந்து நடத்தும் அமைப்பு நன்றாகவே ஓடக்கூடும். ஆட்சியாளரின் முன்னுரிமை மாறும் நாளில் அதைத் தடுத்து நிறுத்தக் கீழே எந்த அமைப்பும் இராது. நல்லெண்ணத்தால் கிடைத்த சேவையை உரிமையாக மாற்றுவதே மக்கள் அதிகாரத்தின் வேலை.

நாகாலாந்து மற்றொரு பாதையில் சென்றது. 2002ஆம் ஆண்டின் சட்டத்தின் வழியே கிராம அமைப்புகளுக்குப் பள்ளிகளையும் சுகாதார நிலையங்களையும் மேற்பார்வையிடும் உரிமை வழங்கப்பட்டது. பணிக்கு வராத ஊழியரின் ஊதியத்தைப் பிடிக்கும் அதிகாரமும் அதில் அடங்கும். 2008இல் அதற்கு ஐக்கிய நாடுகளின் பொதுப்பணி விருதும் கிடைத்தது. எனினும் ஊழியரைக் கண்காணிக்கும் அதிகாரம் கிடைப்பதால் மட்டும் இல்லாத மருத்துவர் முளைத்துவிட மாட்டார். முதலீடு இல்லாத இடத்தில் கிராமக் குழுவும் ஊழியரும் ஒருவரையொருவர் குறைகூறி நிற்பர். இருவரையும் கைவிட்ட அரசு தப்பித்துக்கொள்ளும்.

பெருந்தொற்று உரித்த முகமூடி

அதிகாரம் மேலே, பாரம் கீழே என்ற ஏற்பாட்டின் கொடுமையைக் கொரோனா காலம் போல் வேறெதுவும் வெளிச்சமிட்டதில்லை. 2020 மார்ச் 24 அன்று நான்கு மணி நேர அவகாசத்தில் நாடு முழுவதும் முடக்கப்பட்டது. 1897ஆம் ஆண்டின் காலனியக் கொள்ளைநோய்ச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் கையிலெடுக்கப்பட்டன. மாநிலங்களிடம் கலந்து பேசாமலேயே இந்த முடிவு எடுக்கப்பட்டது. நெடுஞ்சாலைகளில் நடந்து வந்த புலம்பெயர் தொழிலாளரை ஏற்று உணவளித்துத் தங்கவைக்கும் பொறுப்பு மாநிலங்களையும் ஊராட்சிகளையும் வந்தடைந்தது.

அடுத்த ஆண்டு தடுப்பூசியில் இதே கதை இன்னும் அப்பட்டமாக நடந்தது. 2021 மே 1 முதல் 18 வயதுக்கும் 44 வயதுக்கும் இடைப்பட்டோருக்கான தடுப்பூசியை மாநிலங்களே சந்தையில் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஒன்றிய அரசு கை கழுவியது. ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய்க்கு விற்கப்பட்ட அதே தடுப்பூசிக்கு மாநிலங்கள் கோவிஷீல்டு எனில் 300 ரூபாயும் கோவாக்சின் எனில் 400 ரூபாயும் தர வேண்டியிருந்தது. உற்பத்தி உரிமமும் ஏற்றுமதி முடிவும் புதுதில்லியிடம். பணம் கட்டுவதும் மக்களின் சினத்தை எதிர்கொள்வதும் மாநிலங்களிடம். உச்ச நீதிமன்றம் இந்தக் கொள்கையைக் கடுமையாகக் கேள்விக்குள்ளாக்கிய பின்னரே, ஜூன் 21 முதல் கொள்முதலில் மாநிலங்களின் பங்கை ஒன்றிய அரசு மீண்டும் ஏற்றது. பொதுவான ஆபத்தின்போது ஒன்றாக வாங்க வேண்டியதை ஒன்றிய அரசு கூறுபோட்டது. உள்ளூர் அறிவோடு முடிவெடுக்க வேண்டியதைத் தன் கையில் வைத்துக்கொண்டது.

உள்ளாட்சி ஜனநாயகத்தை நெரிப்பதில் மாநில ஆட்சியாளர்களும் சளைத்தவர்களல்லர். 2016 அக்டோபர் முதல் 2022 தொடக்கம் வரை சென்னை மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. கொரோனாவின் இரண்டு அலைகளையும் அந்த மாநகரம் மாமன்ற உறுப்பினர் ஒருவர்கூட இன்றியே எதிர்கொண்டது. பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பின் ஆண்டுக்கணக்கில் தேர்தல் நடத்தப்படவில்லை. கே.இ.எம். போன்ற பெரும் மருத்துவமனைகளைத் தன் பொறுப்பில் நடத்தும் மும்பை மாநகராட்சி 2022 மார்ச் முதல் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அதிகாரியின் கையில் இருந்தது. தமிழ்நாட்டில் 27 மாவட்டங்களின் ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்ததும் நிர்வாகம் தனி அலுவலர்களிடம் போயிற்று. ஒன்றிய அரசிடம் மாநில உரிமையைக் கேட்கும் குரல், தன் ஊராட்சிகளுக்கு உரிமையை மறுக்கும்போது வலுவிழக்கிறது.

பிரதேச உரிமையின் மறுபக்கம்

வேறொரு திசையிலிருந்து வரும் ஆபத்தை இத்தாலியின் அனுபவம் உணர்த்துகிறது. கம்யூனிஸ்ட் கட்சியின் ஆதரவோடு 1978 டிசம்பரில் இயற்றப்பட்ட சட்டம் அங்கே அனைவருக்குமான தேசிய சுகாதாரப் பணியை உருவாக்கியது. உள்ளூர் சுகாதார அலகுகள் நகராட்சிகளின் பொறுப்பில் இருந்தன. 1990களின் சீர்திருத்தங்கள் அவற்றை நகராட்சிகளிடமிருந்து பறித்து, பிரதேச அரசுகள் நியமிக்கும் மேலாளர்களின் கீழ் நிறுவனங்களைப் போல் இயங்கச் செய்தன. 2001இன் அரசமைப்புத் திருத்தம் பிரதேசங்களின் அதிகாரத்தை மேலும் விரித்தது. செல்வம் கொழிக்கும் லொம்பார்டி தனியார் மருத்துவமனைகளையும் பெருமருத்துவமனைகளையும் சார்ந்து வளர்ந்தது; அண்டைப் பிரதேசமான வெனெட்டோ சமூக அளவிலான மருத்துவத்தை ஓரளவு காத்துவந்தது. 2020இல் இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு உயிர்களின் எண்ணிக்கையில் தெரிந்தது. 2024இல் வலதுசாரி அரசு செல்வப் பிரதேசங்களுக்கு மேலும் தன்னுரிமை தரும் சட்டத்தைக் கொண்டுவந்தபோது, தெற்கின் ஏழை மக்கள் அதை எதிர்த்தனர்; அரசமைப்பு நீதிமன்றம் அதன் முக்கியப் பகுதிகளை அதே ஆண்டில் செல்லாதவையாக்கியது.

பாடம் தெளிவானது. ஏழை மாநிலத்துக்கும் செல்வ மாநிலத்துக்கும் இடையே நிதியைச் சமன்செய்யும் பொதுப் பொறுப்பு தளர்ந்தால், தன்னுரிமை என்பது செல்வந்தர் தம் வேலியை உயர்த்திக்கொள்ளும் உரிமையாகச் சுருங்கும். பீகாரின் ஊராட்சியும் கேரளத்தின் ஊராட்சியும் சம அதிகாரம் பெற்றாலும், பீகாரின் குழந்தைக்குச் சம வாய்ப்பு கிடைக்க ஒன்றிய நிதி அங்கே கூடுதலாகப் பாய வேண்டும். மாநில உரிமைக்கான இடதுசாரிக் குரல் எப்போதும் இந்தச் சமன்பாட்டுடன் இணைந்தே ஒலிக்க வேண்டும்.

பணம் எங்கே போகிறது?

2017இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025க்குள் அரசின் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.5 விழுக்காடாக உயர்த்துவதாக வாக்களித்தது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி பெருந்தொற்று ஆண்டான 2021-22இல்கூட அது 1.84 விழுக்காடே. மொத்த மருத்துவச் செலவில் 39.4 விழுக்காடு மக்களின் பையிலிருந்து நேரடியாகப் போனது. அரசுச் செலவிலும் பெரும்பகுதியை மாநிலங்களே சுமக்கின்றன. தேசிய சுகாதார இயக்கத்தில் முன்பு 75 விழுக்காடாக இருந்த ஒன்றியப் பங்கு, 2015-16 முதல் பெரும்பாலான மாநிலங்களுக்கு 60 ஆகக் குறைக்கப்பட்டது. பங்கு குறைந்தது, பலகைக்கான நிபந்தனை கூடியது.

2018-19 முதல் வருமான வரியின் மீது 4 விழுக்காடு சுகாதார, கல்வி மேல்வரி வசூலிக்கப்படுகிறது. மேல்வரி என்பதால் அது மாநிலங்களோடு பகிரப்படும் தொகுப்புக்குள் வராது. சுகாதாரம் மாநிலப் பொறுப்பு. சுகாதாரத்தின் பெயரால் திரட்டப்படும் வரியோ ஒன்றியத்தின் தனிச் சொத்து. பதினைந்தாவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கு உள்ளாட்சிகளின் வழியே 70,051 கோடி ரூபாய் சுகாதார மானியம் பரிந்துரைத்தது வரவேற்கத்தக்க ஒரு தொடக்கம். ஆனால் எந்தெந்த இனத்தில் செலவிட வேண்டும் என்ற பட்டியலும் உடன் வந்தது. ஊராட்சியின் கணக்கில் பணம் வரும்; ஊராட்சியின் தீர்மானத்துக்கு அங்கே இடம் குறைவு. அந்த நிதிக்குழுவின் தலைவர் என்.கே. சிங், சுகாதாரத்தைப் பொதுப் பட்டியலுக்கு மாற்ற வேண்டும் என்றும் வாதிட்டார். கல்வி 1976இல் அவ்வாறு மாற்றப்பட்டதன் விளைவை ‘நீட்’ தேர்வின் வடிவில் தமிழ்நாடு நன்கறியும்.

இன்னொரு பக்கம், மாவட்ட மருத்துவமனைகளைத் தனியார் மருத்துவக் கல்லூரிகளோடு இணைக்கும் திட்டத்தை 2020 ஜனவரியில் நிதி ஆயோக் முன்வைத்தது. அரசமைப்புச் சட்டம் மாவட்ட ஊராட்சிக்கு உரியதாகக் கருதக்கூடிய மருத்துவமனையை, மாவட்ட மக்களின் கருத்தைக் கேளாமலேயே தனியாரிடம் ஒப்படைக்க வழி வகுப்பதையும் சிலர் பரவலாக்கம் என்றே அழைப்பர்.

கடைசிப் படியில் நிற்கும் பெண்

இந்த ஏணியின் அடிப்படியில் ஏறத்தாழ பத்து லட்சம் ஆஷா பணியாளர்கள் நிற்கின்றனர். அவர்களுக்குப் பெயர் ‘தன்னார்வலர்’. அவர்களையும் அங்கன்வாடி ஊழியரையும் தொழிலாளராக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியமும் ஓய்வூதியமும் வழங்க வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. மாதந்தோறும் ஒன்றிய அரசு தந்த நிலையான ஊக்கத்தொகை நெடுங்காலம் 2,000 ரூபாயாகவே இருந்து, 2025இல்தான் 3,500 ஆக உயர்த்தப்பட்டது. கேரளத்திலும் 2025 பிப்ரவரி முதல் பல மாதங்கள் தலைமைச் செயலகத்தின் முன் ஆஷா பணியாளரில் ஒரு பகுதியினர் போராடினர். முதற்பொறுப்பு ஒன்றிய அரசுடையது என்பது உண்மை. அந்த உண்மை, வெயிலில் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு முழு விடையாகிவிடாது என்பதும் உண்மை. ஊழியரின் உழைப்பை மலிவாக்கி எழுப்பப்படும் எந்தப் பரவலாக்கமும் இடதுசாரிப் பரவலாக்கம் ஆகாது.

களத்தில் செய்ய வேண்டியவை

பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் நிலைக்க வேண்டும். ஒன்றிய நிதி பெயர்ப் பலகை நிபந்தனையின்றி, ஏழை மாநிலங்களுக்குக் கூடுதலாகப் பகிரப்பட வேண்டும். சுகாதார மேல்வரி பகிரத்தக்க தொகுப்பில் சேர வேண்டும். மாநிலங்கள் பதினோராவது அட்டவணைக்கு உயிர் கொடுத்து, பணி, நிதி, பணியாளர் மூன்றையும் ஒருசேர ஊராட்சிகளிடம் அளிக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தல்கள் காலம் தவறாது நடக்க வேண்டும். ஆஷா, ஒப்பந்தச் செவிலியர், ஆய்வக ஊழியர் ஆகியோரின் பணி முறைப்படுத்தப்பட வேண்டும். இவை அரசுகளிடம் வைக்கும் கோரிக்கைகள்.

கோரிக்கை மனுவோடு பணி முடிவதில்லை. ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சுகாதாரக் குழு தாளில் இருக்கிறது. அதன் உறுப்பினர் யார், கடைசியாக எப்போது கூடியது என்று கேட்பதிலிருந்து கட்சிக் கிளைகள் தொடங்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, காலியானவை எத்தனை, எந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்ற விவரங்களைத் திரட்டி கிராம சபையின் முன் வைக்கலாம். குடியரசு நாளிலும் மே நாளிலும் விடுதலை நாளிலும் காந்தி பிறந்த நாளிலும் கூடும் கிராம சபைகளில் சுகாதாரம் தனிப்பொருளாக இடம்பெறச் செய்யலாம். கட்சியின் ஊராட்சி, மாமன்ற உறுப்பினர்கள் நோயாளர் நலச் சங்கக் கூட்டங்களில் வரவு செலவுக் கணக்கைக் கேட்டுப் பெற வேண்டும். இந்தப் பணியில் மருத்துவ ஊழியர் சங்கங்களும் மாதர், இளைஞர், அறிவியல் இயக்கங்களும் ஒன்று சேர்வது இன்றியமையாதது. ஊழியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தாமல், அவர்களோடு நின்று காலிப் பணியிடங்களுக்குப் பொறுப்பானவர்களை நோக்கிக் கேள்வி எழுப்பும் இயக்கமாக அது அமைய வேண்டும்.

அதிகாரத்தைக் கீழே இறக்கும்படி மேலிருப்போரை வேண்டுவதால் மட்டும் அது இறங்கிவிடாது. கேரளத்தில்கூட அதற்கு ஓர் அரசின் முடிவும் பல்லாயிரம் பேரின் கிராம சபை விவாதங்களும் சேர்ந்தே தேவைப்பட்டன. காலியான மருத்துவர் பணியிடம் ஒன்றை நிரப்பச் செய்யும் ஊர், அடுத்த முறை தன் மருத்துவமனையைத் தனியாரிடம் கொடுப்பதையும் தடுக்கக் கற்றுக்கொள்ளும். அந்தக் கற்றலை ஊர்தோறும் தொடங்கிவைப்பது தோழர்களின் உடனடிப் பணி.